சிங் அரசமரபின் சரிவுக்காலக் காசுகள்: எங்கிருந்து தொடங்குவது?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்சி, கியான்லோங் ஆகிய சீனப் பேரரசர்களின் சதுரத்துளைக் காசுகள் என்னிடம் ஓரளவு சேர்ந்துவிட்டன. இனிமேல் சிங் அரசமரபு தளர்ந்த காலத்தை, அதாவது 1821-இல் தாவோகுவாங் ஆட்சியாண்டு தொடங்கியது முதல் 1912-இல் சிறுவன் பூயி முடிதுறந்தது வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சேகரிக்கலாம் என்று எண்ணுகிறேன். தாவோகுவாங், சியான்ஃபெங், தோங்சி, குவாங்சு, சுவான்தோங் என ஐந்து ஆட்சிப் பெயர்கள்தாம் வருகின்றன. ஆட்சிக்கு ஒரு காசு என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்வதா, அல்லது ஒரே ஆட்சியை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவதா என்பதில்தான் குழப்பம். இணைய விற்பனைத் தளங்களில் ‘ஆயிரத்துக்கு நிகர்’ என்று பொறித்த சியான்ஃபெங் பெருங்காசுகள் சில நூறு ரூபாய்க்கே வருகின்றன. அவற்றிலிருந்து தொடங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தொண்டிக்கரை எழுதியது:

நெய்தல், ஐந்து காசுகளோடு நிறுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து பெயர்கள் மட்டுமே. சியான்ஃபெங் ஆட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. 1851 முதல் 1861 வரையிலான அந்தப் பதினோரு ஆண்டுகளில் வார்க்கப்பட்ட காசு வகைகளுக்கு ஈடான பெருக்கத்தைச் சிங் காலத்தின் வேறெந்த ஆட்சியிலும் காண முடியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெய்ஜிங்கில் இரண்டு நாணயச்சாலைகள் இருந்தன. ஒன்று வருவாய் அமைச்சுக்கு உரியது, மற்றொன்று பணிகள் அமைச்சுக்கு உரியது. இரண்டுக்கும் வேண்டிய செம்பு பெரும்பாலும் தென்மேற்கு மூலையிலிருந்த யுன்னான் சுரங்கங்களிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நல்ல காலத்தில் அது ஆண்டுக்கு 60 லட்சம் ஜின்னுக்கு மேல் இருந்தது. ஒரு ஜின் ஏறத்தாழ 600 கிராம். மலைப்பாதையில் விலங்குகளின் முதுகிலேறி, சிச்சுவானில் படகு மாறி, யாங்சி ஆற்றின் வழியே இறங்கி, பெருங்கால்வாயில் வடக்கே திரும்பித் தலைநகரை அடைய ஓராண்டுக்கும் மேலாகும். 1853 மார்ச்சில் தைப்பிங் கிளர்ச்சிப் படை நாஞ்சிங்கைப் பிடித்தபோது இந்த வழி அறுந்தது. செம்பு வரவு நின்றது, ஆனால் போர்ச்செலவு நிற்கவில்லை. வெள்ளிக் கையிருப்போ ஏற்கெனவே வறண்டு கிடந்தது. அபினி வணிகத்தால் வெள்ளி வெளியேறிய பிறகு, ஒரு லியாங் (ஏறத்தாழ 37 கிராம்) வெள்ளிக்கு ஆயிரம் காசு என்ற பழைய கணக்கு, 1840-களின் பிற்பகுதியில் பல ஊர்களில் இரண்டாயிரம் வரை போயிருந்தது.

அரசு கண்ட வழி, குறைந்த உலோகத்தில் கூடுதல் மதிப்பைப் பொறிப்பது. பத்து, ஐம்பது, நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று காசுகள் வந்தன. ஆயிரத்துக்கு நிகரான காசின் விதிக்கப்பட்ட எடை 2 லியாங், அதாவது ஏறக்குறைய 75 கிராம். ஒற்றைக் காசு ஒன்றுக்கு ஒரு கியான் எடை, அதாவது 3.7 கிராம் என்று கொண்டால், ஆயிரம் ஒற்றைக் காசுகளின் எடை 100 லியாங். நூறு லியாங் உலோகத்தின் வேலையை இரண்டு லியாங் உலோகம் செய்ய வேண்டும் என்பது ஆணை! எவன்தான் ஒற்றைக் காசுகளை உருக்கிப் பெருங்காசு வார்க்காமல் இருப்பான்? திருட்டு வார்ப்பு பெருகியது, கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள், ஐந்நூறும் ஆயிரமும் 1854-ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டன. வருவாய் அமைச்சின் அதிகாரியான வாங் மாவோயின், காசின் மதிப்பை அரசு நிர்ணயிக்கலாம், பொருளின் விலையை அப்படிக் கட்டிவைக்க முடியாது என்று முன்கூட்டியே எதிர்த்து எழுதினார். பேரரசரின் கண்டனம்தான் அவருக்குக் கிடைத்தது. காகிதப் பணம் பற்றிய அவருடைய முறையீடு கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இடம்பெற்றிருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

பத்துக்கு நிகரான காசு மட்டும் தலைநகரில் உயிர்பிழைத்தது. அதன் எடை 6 கியானில் தொடங்கியது, பிறகு 4.4 ஆனது, பிறகு 3.5, கடைசியில் 2.6 கியான் வரை இறங்கியது. ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே மதிப்பு. ஆனால் 22 கிராமிலிருந்து 10 கிராமுக்கும் கீழே ஒரு சரிவு. நான்கைந்து காசுகளை வரிசையாக வைத்துத் தராசில் ஏற்றினால் அந்த ஆட்சியின் நிதிநிலை முழுவதும் தெரிந்துவிடும். இதைச் சேகரியுங்கள்.

மணல்அச்சு எழுதியது:

தொண்டிக்கரை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடில்லை. புதிதாக வருபவரை அவர் அனுப்பும் திசையில்தான் மாறுபடுகிறேன். சில நூறு ரூபாய்க்கு வரும் ‘ஆயிரத்துக்கு நிகர்’ காசு அண்மையில் வார்த்த போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உண்மையான ஐந்நூறும் ஆயிரமும் சிவந்த செம்பில் வார்க்கப்பட்டவை. நூறும் அதற்குக் கீழும் பித்தளை. போலி செய்பவர்கள் பல நேரம் இந்த வேறுபாட்டைக்கூடப் பார்ப்பதில்லை. மஞ்சள் பித்தளையில் ‘ஆயிரம்’ என்று வார்த்து, கறுப்புச் சாயமும் பச்சைக் களிம்பும் பூசி விற்கிறார்கள். அந்தப் பச்சை, அசிட்டோனில் நனைத்த பஞ்சோடு வந்துவிடும். உண்மையான களிம்பு வராது.

ஆகவே பெருங்காசுகளை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு ஒற்றைக் காசுகளில் தொடங்குங்கள் என்பேன். மலிவானவை, போலி செய்து இலாபம் பார்க்க முடியாதவை, ஏராளமாகக் கிடைப்பவை. முன்பக்கம் மேலும் கீழும் ஆட்சிப் பெயர், வலமும் இடமும் ‘தோங்பாவோ’ என்ற எழுத்துகள். பின்பக்கம் சிங் ஆட்சியாளர்களின் மொழியான மஞ்சுவின் எழுத்தில் இடப்புறம் ‘பாவோ’, வலப்புறம் நாணயச்சாலையின் பெயர். அந்த வலப்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பெய்ஜிங், ஜியாங்சு, செஜியாங், ஃபூஜியான், சிச்சுவான், யுன்னான் என்று பேரரசின் வரைபடமே கையில் வரும். இருபது வடிவங்களை மனப்பாடம் செய்ய ஒரு வார மாலைப்பொழுது போதும்; மஞ்சு மொழி தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. எடையை மட்டும் வைத்துக் காலவரிசை அமைப்பதில் ஓர் இடறல் இருக்கிறது. இவை கையால் மணலில் வார்த்த காசுகள். ஒரே நாளில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு காசுகளுக்குள் அரை கிராம் வேறுபாடு இயல்பானது. அரசின் எடை விதி ஒரு காசுக்கு மட்டுமன்று, ஒரு கோவைக்கும், அதாவது ஆயிரம் காசுச் சரத்துக்கும் எழுதப்பட்டது. காசு ஒன்றுக்கு 1.2 கியான் என்றிருந்த காலத்தில் ஆணைகள் ‘ஆயிரம் காசுக்கு 7 ஜின் 8 லியாங்’ என்றும் பேசின (16 லியாங் ஒரு ஜின்). ஆகவே ஒரே ஒரு காசைத் தராசில் ஏற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நெய்தல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒற்றைக் காசுகளிலேயே தொடங்குகிறேன். முன்பு வாங்கிய கலப்புத் தொகுதியில் சியான்ஃபெங் தோங்பாவோ ஒன்று இருந்தது. விட்டம் 20 மில்லிமீட்டர், எடை 2.1 கிராம். எழுத்துகள் உருகியதுபோல் மழுங்கியிருக்கின்றன, ஆனால் புழங்கித் தேய்ந்த வழவழப்பு இல்லை. சதுரத்துளை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, விளிம்பு ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. பின்பக்கம் பெய்ஜிங் வருவாய் அமைச்சின் பெயர்போல் தெரிகிறது. இது போலியா?

மணல்அச்சு எழுதியது:

போலி என்ற சொல்லை இங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும். சேகரிப்பவரை ஏமாற்ற இன்று செய்வது ஒன்று. அந்தக் காலத்திலேயே சந்தையில் செலவழிப்பதற்காகத் தனியார் திருட்டுத்தனமாக வார்த்தது மற்றொன்று. நீங்கள் விவரிப்பது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

வார்க்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் நல்ல உலோகத்தில் கையால் செதுக்கிய ஒரு மூலக்காசு. அதை மணலில் பதித்து வார்த்தவை தாய்க்காசுகள். தாய்க்காசுகளைச் சட்டத்துக்குள் இறுக்கிய நுண்மணலில் வரிசையாகப் பதித்து, மேற்சட்டம் வைத்து அழுத்தி, பிரித்து, காசுகளை எடுத்துவிட்டு, நடுவே உலோகம் ஓட வாய்க்கால் வெட்டி, மீண்டும் மூடி, உருகிய பித்தளையை ஊற்றுவார்கள். ஆறியதும் கிளைகளில் காசுகள் காய்த்த மரம்போல ஒரு துண்டு வெளிவரும். ஒவ்வொன்றையும் முறித்து எடுத்து, துளை வழியே சதுரக் கம்பியில் கோத்து, விளிம்பை அரத்தால் தேய்ப்பார்கள். துளை ஏன் சதுரம் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்: சதுரக் கம்பியில் காசு சுழலாது.

உருகிய உலோகம் ஆறும்போது சற்றே சுருங்கும். அதனால் தாய்க்காசைவிடப் பிள்ளைக்காசு ஒரு மயிரிழை சிறியது. திருட்டு வார்ப்பாளனிடம் தாய்க்காசு இல்லை. சந்தையில் கிடைத்த பிள்ளைக்காசையே மணலில் பதித்தான். எனவே அவனுடைய காசு இன்னும் சிறிதாகவும், எழுத்து இன்னும் மழுங்கலாகவும் ஆகிறது. அதையும் இன்னொருவன் பதித்திருந்தால் கேட்கவே வேண்டாம். செம்பை மிச்சம் பிடிக்கத் துளையைப் பெரிதாக்கி, ஈயத்தைக் கூட்டினான். உங்கள் காசின் மழுங்கல், மேட்டில் மட்டுமின்றி எழுத்துக்கும் தளத்துக்கும் இடையிலான மூலைகளிலும் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். புழக்கத்தில் தேய்ந்த காசில் மேடுகள் தட்டையாகும், மூலைகள் கூர்மையாகவே நிற்கும். பிரதி வார்ப்பில் மூலைகளும் சேர்ந்து உருண்டுவிடும்.

தொண்டிக்கரை எழுதியது:

மணல்அச்சு சொன்ன கோவைக் கணக்கை ஏற்கிறேன். ஒற்றைக் காசுக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் பெருங்காசுகளில் சரிவு அரை கிராம் அளவினது அன்று, பத்துப் பன்னிரண்டு கிராம் அளவினது. வார்ப்பின் இயல்பான வேறுபாட்டால் அதை விளக்க முடியாது. எடை சாட்சி சொல்லும் இடம் அதுதான். அதிலும் ஃபூஜியான் காசுகளைப் பாருங்கள். அங்கே எடையைக் காசின் மேலேயே பொறித்தார்கள்: பத்துக்கு நிகரான காசுக்கு 5 கியான், இருபதுக்கு 1 லியாங், ஐம்பதுக்கு 2.5 லியாங், நூறுக்கு 5 லியாங். கணக்குப் போட்டால் எல்லாம் ஒரே விகிதம், ஒற்றைக் காசுக்கு அரைக் கியான். நூறுக்கு நிகரான ஃபூஜியான் காசு 180 கிராமுக்கு மேல் எடையுள்ள கனத்த வட்டு. அதே நூறு பெய்ஜிங்கில் 1.4 லியாங், அதாவது 52 கிராம்தான். ஒரே பேரரசில், ஒரே ஆட்சியில், ஒரே மதிப்புக்கு மூன்றரை மடங்கு எடை வேறுபாடு இருந்தால், ஒரு மாகாணத்தின் காசை இன்னொரு மாகாணம் ஏன் வாங்கும்? தலைநகரின் பத்துக் காசும் பிற்காலத்தில் பெய்ஜிங்கில் இரண்டு காசுக்குத்தான் போனது, வெளியூர்களில் அதுவும் இல்லை. மைய ஆட்சியின் பிடி தளர்ந்ததைப் போர் வரலாற்றைவிட இது தெளிவாகச் சொல்கிறது என்பது என் துணிபு.

மணல்அச்சு எழுதியது:

அந்த ஃபூஜியான் காசுகளுக்கும் போலிகள் மலிந்துவிட்டன என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ஐயா. எடையைத் தன் மேலேயே எழுதிக்கொண்ட காசு என்பதால் ஒரு வசதி உண்டு: தராசு பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நூறு என்று பொறித்துவிட்டு 110 கிராம் நின்றால் பேச்சே வேண்டாம். ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது.

பினாங்கு_பாண்டியன் எழுதியது:

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பினாங்கிலிருந்து இரண்டு செய்திகள். இங்கே பழைய குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து வரும் தொகுதிகளில் சிங் காசுகளோடு ஜப்பானின் கான்எய் காசுகளும் வியட்நாம் காசுகளும் கலந்தே இருக்கும். எல்லாம் சதுரத்துளை, எல்லாம் சீன எழுத்து. பின்பக்கம் மஞ்சு எழுத்து இல்லையென்றால் சிங் என்று முடிவுகட்டும் முன் முன்பக்க எழுத்தை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, சிவப்பு நூலில் கோத்து வாஸ்துக் கடைகளில் தொங்கும் காசுகள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பார்த்திருக்கிறேன், இங்கே சொல்லவே வேண்டாம். அவற்றில் ஷுன்சி முதல் ஜியாசிங் வரையிலான ஐந்து பேரரசர்களின் பெயர்களே இருக்கும். தாவோகுவாங்குக்குப் பிறகு வந்தவர்கள் அதிர்ஷ்டத்துக்கு ஆகமாட்டார்கள் போலிருக்கிறது! அவை அலங்காரப் பொருள்கள். யாராவது ‘பாட்டன் காலத்துச் சரம்’ என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குவாங்சு காலத்துக் கான்டன் (இன்றைய குவாங்சோ) காசுகளை யாரும் இங்கே தொடவில்லையே?

தொண்டிக்கரை எழுதியது:

நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். குவாங்தோங், குவாங்சி மாகாணங்களின் தலைமை ஆளுநராக இருந்த ஜாங் சீதோங், பர்மிங்காமின் ஹீட்டன் நிறுவனத்திடமிருந்து இயந்திரங்களை வரவழைத்து, கான்டனில் ஒரு நாணயச்சாலை அமைத்தார். 1889-இல் அங்கே சதுரத்துளைக் காசு முதன்முறையாகப் பெருமளவில் இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் ‘ஒரு கியான்’ என்று எடையையும் பொறித்தார்கள். கையில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரியும்: துல்லியமான வட்டம், ஒரே சீரான விளிம்பு, நூல்போல எழுத்து, அரம் பட்ட தடமே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வார்ப்பு மரபு முடியும் இடம் இது. ஆனால் ஒற்றைக் காசை இயந்திரத்தில் அடித்தால் செலவு மதிப்பை மீறிப் போனது. எடையை 0.8 கியானாகக் குறைத்தும் கணக்குச் சரிவரவில்லை. 1900-இல் அதே கான்டனில் துளையில்லாத பத்துக் காசுச் செப்பு நாணயம் வந்தபோது சதுரத்துளைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. நெய்தல், இது மலிவாகக் கிடைக்கும். உங்கள் மழுங்கிய சியான்ஃபெங் காசுக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்.

அகல் எழுதியது:

இடையில் ஓர் ஐயம். தஞ்சை வட்டாரத்தில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். அவற்றில் இந்தச் சரிவுக்காலக் காசுகள் உண்டா?

தொண்டிக்கரை எழுதியது:

இல்லை, அகல். அவை பெரும்பாலும் சோங் காலத்தவை. சோழர் கால வணிகத்தோடு தொடர்புடையவை. சோங் அரசமரபு 1279-இல் முடிந்தது. நாம் பேசுவது அதற்கு ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிந்தியது. சோங் காசுகளுக்கு ஓர் இழை தனியே தொடங்குங்கள், மகிழ்ச்சியாக எழுதுகிறேன்.

நெய்தல் எழுதியது:

மணல்அச்சு சொன்னபடி உருப்பெருக்கியில் பார்த்தேன். மூலைகளும் உருண்டிருக்கின்றன. ஆகவே தனியார் வார்ப்பு என்றே எழுதிவைக்கிறேன். இனி இரண்டு கேள்விகள். ஒரு விற்பனையாளர் ‘சீசியாங்’ என்ற ஆட்சிப் பெயருள்ள காசை அரியது என்று காட்டுகிறார். ஐந்து பெயர்களில் அது இல்லையே? மேலும், களிம்பேறிய காசுகளைப் புளி போட்டு விளக்கலாமா?

மணல்அச்சு எழுதியது:

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அவை சரி; காசில் அவை துத்தநாகத்தை அரித்து மேற்பரப்பை இளஞ்சிவப்பாக்கிவிடும். அப்படிப்பட்ட காசைச் சேகரிப்பாளர் யாரும் தொடமாட்டார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மெதுவாக நீக்குங்கள், அவ்வளவே. வெளிர்பச்சைத் தூளாக உதிரும் களிம்பு மட்டும் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்வாக வையுங்கள். பாலிவினைல் உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற காகித உறைகளை வாங்குங்கள். 1854 முதல் வார்த்த இரும்புக் காசு ஏதேனும் கிடைத்தால் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது துருப்பிடித்துத் தகடு தகடாகப் பெயரும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பா கட்டாயம்.

சீசியாங் பற்றி ஐயா சொல்லட்டும்.

தொண்டிக்கரை எழுதியது:

அந்தப் பெயர் உண்மையானதுதான். 1861 ஆகஸ்டில் சியான்ஃபெங் இறந்தபோது, அவருடைய ஐந்து வயது மகனுக்கு ஆட்சித்துணையாக நியமிக்கப்பட்ட சுஷுன் முதலிய எட்டுப் பேர் தேர்ந்த ஆட்சிப் பெயர் ‘சீசியாங்’. நவம்பரில் பேரரசி சீசீயும் இளவரசர் கோங்கும் அவர்களைக் கவிழ்த்துவிட்டார்கள். சுஷுனின் தலை வெட்டப்பட்டது, ஆட்சிப் பெயர் ‘தோங்சி’ என்று மாறியது. இடைப்பட்ட வாரங்களில் அந்தப் பெயரில் கொஞ்சம் காசுகள் வார்க்கப்பட்டிருந்தன. அவை புழக்கத்துக்கு வரவே இல்லை என்றே சொல்லலாம். எனவே உண்மையான சீசியாங் காசு பெரும் ஏலங்களில் நல்ல விலைக்குப் போகும் பொருள். அறிமுகமில்லாத விற்பனையாளரின் தட்டில் அது கிடந்தால் எடுக்காதீர்கள். கேட்கும் விலை குறைவாக இருந்தால் அதையே காரணமாகக் கொள்ளுங்கள்.

பினாங்கு_பாண்டியன் எழுதியது:

சீசியாங்குக்குப் பதிலாக வடமேற்கு எல்லையான சின்ஜியாங் பக்கம் பார்வையைத் திருப்பலாம், நெய்தல். அக்சு, குச்சா, யார்கந்து நாணயச்சாலைகள் வார்த்தவை செந்நிறக் காசுகள். உள்ளூர்ச் செம்பை ஏறத்தாழ அப்படியே வார்த்ததால் அந்த நிறம். பின்பக்கத்தில் மஞ்சு எழுத்தோடு உய்குர் எழுத்தும் இருக்கும். அங்கே சிங் ஆட்சியை எதிர்த்த ஜஹாங்கீர் கோஜாவின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, தாவோகுவாங்கின் எட்டாம் ஆண்டில், அதாவது 1828-இல் அக்சுவில் வார்த்தவற்றில் ‘எட்டாம் ஆண்டு, ஐந்து’ என்றும் ‘எட்டாம் ஆண்டு, பத்து’ என்றும் இருக்கும். பெருங்காசு வார்த்துச் செலவைச் சமாளிக்கும் வேலை சியான்ஃபெங்குக்கு முன்பே எல்லையில் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தப் பத்துக் காசு சான்று. சாதாரண வகைகள் நடுத்தர விலைக்குக் கிடைக்கும்.

நெய்தல் எழுதியது:

மிக்க நன்றி. வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்கிறேன்: முதலில் பெய்ஜிங்கின் இரண்டு நாணயச்சாலைகளிலிருந்தும் சியான்ஃபெங் ஒற்றைக் காசுகள், அடுத்து 1889-இன் கான்டன் காசு, பிறகு அக்சுவின் பத்து, கடைசியாகப் பெய்ஜிங்கின் பத்துக் காசில் கனமானது ஒன்றும் இலேசானது ஒன்றும். இதில் மாற்ற வேண்டியது உண்டா?

மணல்அச்சு எழுதியது:

ஒரே ஒரு மாற்றம். பத்துக் காசைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், இரண்டாவதாக வையுங்கள். ஆனால் தோங்சி காலத்துப் பத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு விலை குறைவு, போலியும் குறைவு, எடையிறக்கமும் அதிலேயே தெரியும். வாங்கும் முன் விற்பனையாளரிடம் எடை, விட்டம், விளிம்பின் படம் மூன்றையும் கேளுங்கள். விளிம்புப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு தெரிந்தாலும் வேண்டாம், ஏனெனில் அரத்தால் தேய்த்த அசல் காசில் அது தங்கியிருக்காது.